இணையத் தொலைபேசி: இலக்கமும் விலாசமும்

சென்ற மாரிகாலத்தில் ஒரு மாலைப்பொழுது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எம்முடன் வசிக்கும் மாமியார் குசினியிலிருந்து கூடத்துக்கு வருகையில் தலை சுற்றிச் சுவரோடு சாய்ந்தார். அப்படியே நிலத்தில் அமர்ந்துவிட்டார். கூப்பிட்டபோது நா குழறியது. நாம் பதறிப்போய் மேசையில் இருந்த கம்பியில்லா இணையத் தொலைபேசியை எடுத்து 911ஐ அழுத்தினோம். மறுமுனையில் பேசிய பெண்மணி, அம்புலன்ஸ் வேண்டும் என்று கேட்டவுடன், ஸ்காபரோவில் உள்ள ஒரு தொடர்மாடியின் விலாசத்தை வாசித்து, "அங்கிருந்துதானே பேசுகிறீர்கள்?" என்றார்.

அது இரண்டு வருடங்களுக்கு முன்னர் நாம் விட்டுவந்த வீட்டின் விலாசம். இப்போது நாம் வசிப்பது ஏஜாக்ஸில்.

நல்லவேளையாக ஆங்கிலம் தெரிந்த எமது மகள் அருகில் நின்றாள். விலாசத்தைத் திருத்திச் சொன்னாள். அம்புலன்ஸ் வந்தது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததனால் வந்த மயக்கம் என்றனர். மாமியார் மறுநாளே வீடு திரும்பிவிட்டார். எனினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நாம் வேலைக்கும் மகள் பல்கலைக்கழகத்துக்கும் சென்றுவிட்ட பகற்பொழுதில், தமிழ் மட்டுமே தெரிந்த மாமியார் தனித்து இருக்கையில் இது நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்புலன்ஸ் ஸ்காபரோவில் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

இப்பிழைக்குப் பெரும் பொறுப்பு எம்முடையதே. வீடு மாறியபோது அச்சிறு தொலைபேசித் தளத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். புதிய வீட்டு இணையத்தில் செருகினோம். அதே இலக்கம், அதே குரல். "பார்த்தீர்களா, ஒருவரிடமும் சொல்லாமலே வேலை செய்கிறது" என்று நண்பர்களிடம் பெருமையும் பேசினோம். ஒருவரிடமும் சொல்லாததுதான் தவறு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

எம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று இத்தகைய தொலைபேசி வந்துவிட்டது. எனவே இவ்வாரம் அதனைப்பற்றிச் சற்று விரிவாகப் பேச விழைகிறோம்.

அட்டைக் காலத்திலிருந்து இணையக் காலத்துக்கு

தொலைபேசி என்பது புலம்பெயர்ந்த எமக்கு வெறும் வீட்டுப்பொருள் அன்று. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பல ஆண்டுகள் தொலைபேசித் தொடர்பு கிடையாது. பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகப் பெற்றோர் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணப்பட்டு, அங்கே அழைப்புக்காகக் காத்திருந்தனர். இங்கே நாம் தமிழ்க் கடைகளில் தொலைபேசி அட்டை வாங்கிச் சுரண்டி, நீண்ட இலக்கங்களை அழுத்தி, மிகுதி நிமிடங்களை எண்ணியபடியே பேசினோம். சுகம் விசாரித்து முடியுமுன்னரே அட்டை முடிந்துபோகும்.

அதே காலத்திலேதான் இணையவழிப் பேச்சும் பிறந்தது. இஸ்ரேலைச் சேர்ந்த வோகல்ரெக் நிறுவனம் கணினிக்குக் கணினி பேசும் மென்பொருளை 1995இல் விற்பனைக்கு விட்டது. இணையத்தில் ஒரு தொலைபேசி மற்றொன்றைக் கூப்பிடுவதற்கான சிப் எனும் பொது விதிமுறை 1999இல் வெளியிடப்பட்டது. இன்று இல்லங்களில் உள்ள இணையத் தொலைபேசிகளிற் பெரும்பாலானவை அவ்விதிமுறையின் வழியிலேயே இயங்குகின்றன. கனடாவில் இச்சேவையை வழங்கும் நிறுவனங்கள் 911 வசதியையும் வழங்கவேண்டும் எனத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2005 ஏப்ரலில் கட்டளையிட்டது.

மூன்று வகைகள்

கடையில் 'இணையத் தொலைபேசி' என்று சொல்லி விற்கப்படுவன எல்லாம் ஒன்றல்ல. முதலாவது வகையில், வீட்டில் உள்ள பழைய தொலைபேசியையே ஒரு சிறு மாற்றுப்பெட்டியில் செருகுகிறோம். அப்பெட்டி இணைய ரவுட்டருடன் வயரால் இணைக்கப்படுகிறது. இரண்டாவது வகையில், ஒரு தளமும் அதனுடன் பேசும் கம்பியில்லாக் கைக்கருவிகளும் உள்ளன. தளம் ரவுட்டருடன் வயரால் இணையும். கைக்கருவியோ டெக்ட் எனப்படும் தனி வானலையில் தளத்துடன் பேசும். மூன்றாவது வகை, வீட்டு வைஃபையில் நேரடியாகவே இணையும் கைக்கருவி.

வயோதிபர் உள்ள வீட்டுக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்பது எமது அனுபவம். டெக்ட் அலை வைஃபையின் நெரிசலில் அகப்படாது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை தடுமாறும், டெக்ட் தடுமாறாது. கைக்கருவியின் பற்றறியும் கூடிய நேரம் தாங்கும். ஓர் எச்சரிக்கை: ஐரோப்பாவில் டெக்ட் இயங்குவது 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில், வட அமெரிக்காவிலோ 1920 முதல் 1930 வரை. ஆகையால் பாரிஸிலோ லண்டனிலோ உள்ள உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் கம்பியில்லாத் தொலைபேசியை இங்கு பயன்படுத்தலாகாது. அதற்கு இங்கே அனுமதியும் இல்லை.

குரல் ஏன் உடைகிறது?

"அம்மா பேசுவது பாதி கேட்கிறது, பாதி கேட்கவில்லை" என்பது பலரின் முறைப்பாடு. காரணத்தை அறிந்தால் பரிகாரம் எளிது.

நாம் பேசும் குரலைக் கருவி ஒரு செக்கனுக்கு 8000 தடவை அளந்து எண்களாக்குகிறது. அவ்வெண்களை வழமையாக 20 மில்லிசெக்கன் கொண்ட சிறு பொதிகளாகக் கட்டி அனுப்புகிறது. அதாவது ஒரு செக்கனுக்கு 50 பொதிகள். தபாற் பொதிகளைப் போலவே ஒவ்வொன்றுக்கும் விலாசம் எழுதவேண்டும். அதனையும் சேர்த்தால் ஒரு திசைக்கு ஏறக்குறைய 87 கிலோபிற் வேகம் போதும். ஒரு மணித்தியாலம் பேசினாலும் இரு திசைக்குமாக 80 மெகாபைற் அளவே செலவாகும். இன்றைய இணையத்துக்கு இது ஒரு பொருட்டே அன்று.

அப்படியாயின் குரல் உடைவது ஏன்? பொதிகள் வரிசையாகவும் நேரத்துக்கும் வந்துசேரவேண்டும். வீட்டில் ஒருவர் பெரிய காணொளியை மேலேற்றும்போதோ, பிள்ளைகள் விளையாட்டு ஒன்றைத் தரவிறக்கும்போதோ குரற்பொதிகள் ரவுட்டரின் வாசலில் வரிசையில் நிற்கநேரிடுகிறது. பிந்தி வரும் பொதியைக் கருவி எறிந்துவிடும். அந்த இடத்தில் ஒரு சொல் விழுங்கப்பட்டுவிடும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்கு உட்பட்டிருப்பது நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதனை வெகுவாகத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவர். பின் இருவரும் ஒரே நேரத்தில் மௌனமாவர். தாயும் பிள்ளையும் மனஸ்தாபப்பட்டதுபோற் தோன்றும்.

பரிகாரம் இதுதான். தளத்தை ரவுட்டருடன் வயராலேயே இணையுங்கள். ரவுட்டரின் அமைப்பில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால் அதனை இயக்குங்கள். உயர்வகுப்பிற் படிக்கும் பிள்ளைக்கு அது பத்து நிமிட வேலை. தளத்தை ரவுட்டருக்கு மேலே அடுக்காது சற்றுத் தள்ளி, வீட்டின் நடுவே, உயரமான இடத்தில் வையுங்கள். நிலக்கீழ் வீட்டில் வசிப்போர் தளத்தையும் கீழேயே வைக்கவேண்டும். கொங்கிறீற் தளத்தைத் துளைத்து வரும் அலை மெலிந்தே வரும்.

மின்சாரம் நின்றால்

பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. அங்கே பெரிய பற்றறிகள் இருந்தன. 48 வோல்ற் மின்னழுத்தம் கம்பி வழியே வீட்டுக்கு வந்தது. வீடு இருளில் மூழ்கினாலும் தொலைபேசி ஒலித்தது. இணையத் தொலைபேசிக்கு அந்தப் பேறு இல்லை. வீட்டு மின்சாரம் நின்றால் மோடம், ரவுட்டர், தளம் ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் ஊமையாகிவிடும்.

2013 டிசெம்பரில் உறைபனி மழையால் ரொறன்ரோவில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டதையும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் மின்சாரம் வராததையும் எம்மிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் இருந்தும் தொடர்பு அற்றுப்போன நாளும் உண்டு. 2022 ஜூலை 8ஆம் நாள் இந்நாட்டின் பெரிய நிறுவனம் ஒன்றின் வலையமைப்பு முழுவதுமாக முடங்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இணையமும் தொலைபேசியும் இன்றித் தவித்தனர். அவர்களிற் சிலரால் 911ஐயும் அழைக்க இயலவில்லை.

இதற்கு இரு காப்புகள் வேண்டும். முதலாவது, மின்தடையின்போது மின்சாரம் வழங்கும் சிறு பற்றறிப் பெட்டி. மோடம், ரவுட்டர், தளம் மூன்றையும் அதிலேயே செருகுங்கள், வேறெதனையும் செருகாதீர்கள். இரண்டாவது, மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அது வீட்டு இணையத்தை வழங்கும் நிறுவனத்தின் இணைப்பாக இல்லாதிருப்பது நன்று. மாதக் கட்டணம் செலுத்தாத கைத்தொலைபேசியும், இன்றைய வலையமைப்போடு பேசக்கூடியதாயின், கனடாவில் 911ஐ அழைக்கும். ஆனால் அழைப்பு அறுந்தால் அவர்கள் திரும்ப அழைக்க இயலாது என்பதை நினைவிற் கொள்க.

விலாசம்

இனி எம்மை உறங்கவிடாத விடயத்துக்கு வருவோம்.

கேபிள் நிறுவனம் வீட்டுக்கே வந்து பொருத்தும் தொலைபேசிக்கு ஒரு நிலையான விலாசம் உண்டு. 911ஐ அழைத்தால் அவ்விலாசம் கூடவே செல்லும். எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய இணையத் தொலைபேசியின் நிலை வேறு. அதனை ஸ்காபரோவில் செருகினாலும் வன்கூவரில் செருகினாலும் ஒரே இலக்கம்தான். அது எங்கே இருக்கிறது என்பது வலையமைப்புக்குத் தெரியாது. ஆகவே அவ்வழைப்பு முதலில் ஓர் இடைநிலையத்துக்குச் செல்கிறது. அங்குள்ளவர் இடத்தைக் கேட்டறிந்து உரிய ஊரின் அவசரசேவைக்கு இணைக்கிறார். அழைத்தவர் பேச இயலாத நிலையில் இருந்தால், பதிவேட்டில் உள்ள இறுதி விலாசமே அவர்களுக்குத் தெரிந்த விலாசம்.

2008 ஏப்ரலில் கல்கரி நகரில் ஒரு குடும்பம் இணையத் தொலைபேசியில் 911ஐ அழைத்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடல்நிலை மோசமாகியிருந்தது. அம்புலன்ஸ் அனுப்பப்பட்டதோ அக்குடும்பம் முன்னர் வாழ்ந்த ஒன்ராறியோ மாகாண விலாசத்துக்கு. பின்னர் அயலவர் வீட்டிலிருந்து மீண்டும் அழைத்தே உதவி வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. ஒரு பதிவேட்டில் பழைய விலாசம் கிடந்ததன் விளைவு எத்துணை பாரதூரமானது என்பதை இந்நாடு அன்று கண்டது.

எம்மவர் அடிக்கடி வீடு மாறுபவர்கள். வந்தவுடன் உறவினர் வீடு, பின்னர் நிலக்கீழ் வீடு, அதன்பின் தொடர்மாடி, ஈற்றில் சொந்தவீடு என மாறிவந்த குடும்பங்களே அதிகம். வங்கியிலிருந்து பணம் தானாகவே கழிவதால், புதிய விலாசத்தைத் தொலைபேசி நிறுவனத்துக்குச் சொல்லவேண்டும் என்ற நினைவே எழுவதில்லை. பற்றுச்சீட்டுக்கான விலாசமும் 911க்கான விலாசமும் சில நிறுவனங்களில் வெவ்வேறு பதிவுகள். ஒன்றை மாற்றினால் மற்றது மாறும் என்று எண்ணாதீர்கள். வீட்டுச் சொந்தக்காரரின் இணையத்தைப் பகிர்ந்து நிலக்கீழ் வீட்டில் வாழ்வோர், வீட்டிலக்கத்தோடு 'நிலக்கீழ் வீடு, பக்கவாசல்' என்பதனையும் பதியச் சொல்லுங்கள். அவசரவேளையில் முன்கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமே.

மொழி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோவில் 911 அழைப்பிற் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு. 'தமிழ்' என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்காமற் காத்திருக்கவேண்டும். அச்சத்தால் தொலைபேசியை வைத்துவிடலாகாது.

இலக்கம்

எமது அயலில் ஒரு தாயார் வசிக்கிறார். அவருடைய மகன் 2009இல் வன்னியில் காணாமற்போனவர். அதற்கு முன்னர் அம்மகன் அழைத்ததெல்லாம் ஓர் இலக்கத்துக்கே. அயலவர் எல்லோரும் இணையத் தொலைபேசிக்கு மாறியபோதும் அத்தாயார் மாறவில்லை. மாதந்தோறும் கூடிய பணம் செலுத்தி அந்தப் பழைய இணைப்பையே வைத்திருந்தார். காரணத்தை ஒருநாள் எம்மிடம் சொன்னார்.

"தம்பி, பிள்ளைக்கு இந்த நம்பர் மட்டுந்தானே தெரியும்."

இதற்கு மறுமொழி சொல்ல எவரால் முடியும்? சேவை விற்க வந்த இளைஞர் ஒருவர் அவரிடம், புதிய இணைப்புக்குப் புதிய இலக்கம்தான் கிடைக்கும் என்று சொல்லியிருந்தாராம். அது முழு உண்மை அன்று. இந்நாட்டில் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, ஒரே உள்ளூர் அழைப்பு எல்லைக்குள் இருப்பின், பொதுவாக இலக்கத்தையும் கூடவே கொண்டுசெல்லலாம். இதற்கு ஒரு முறை உண்டு. பழைய இணைப்பை நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் இலக்கம் கைவிட்டுப் போய்விடும். புதிய நிறுவனத்திடம் இலக்கத்தை மாற்றித்தரும்படி கேளுங்கள். அவர்களே பழைய நிறுவனத்துடன் பேசி மாற்றுவார்கள். மாற்றம் நிறைவேறி, வெளியிலிருந்து அழைத்து மணி ஒலிப்பதைக் காதாற் கேட்கும்வரை பழைய இணைப்பு உயிரோடு இருக்கட்டும். உங்கள் இணையமும் அதே தொலைபேசிக் கம்பி வழியே வருவதாயின், இலக்கத்தை மாற்றும்போது இணையம் நின்றுவிடுமா என்பதனை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

அத்தாயாரின் இலக்கம் இன்று இணையத் தொலைபேசியில் இருக்கிறது. மாற்றம் நிறைவேறிய நாளில் நாம் எமது வீட்டிலிருந்து அவ்விலக்கத்தை அழைத்தோம். முதல் மணி முழுவதுமாக ஒலிக்கு முன்னரே எடுத்துவிட்டார்.

செலவும் காவலும்

'அளவற்ற அழைப்பு' என விளம்பரம் செய்யப்படும் திட்டங்களிற் பல கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் மட்டுமே. 011 94 என்று இலங்கைக்கு அழைத்தால் நிமிடக் கட்டணம் ஏறும். கைத்தொலைபேசிச் செயலிகளில் இரு பக்கமும் ஒரே செயலி இருந்தால் தனிக் கட்டணம் இல்லை; ஊரில் உள்ள சாதாரண தொலைபேசியை அழைத்தால் உண்டு. கட்டண அட்டவணையைப் பார்த்த பின்னரே அழையுங்கள்.

தளத்துடன் வரும் கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் திருடர்கள் உங்கள் கணக்கிலிருந்து தூரதேசங்களுக்கு அழைத்துப் பெருந்தொகையை உங்கள் தலையிற் சுமத்துவதுண்டு. வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாதவர்கள் அதனை மூடிவைக்கச் சொல்லலாம். வயோதிபர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தானோ வீட்டுக் களவு எச்சரிக்கை மணியோ பழைய தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்தால், அது இணையத் தொலைபேசியில் இயங்குமா என்று மாறுமுன்னரே அந்நிறுவனத்திடம் கேளுங்கள். எல்லாம் இயங்குவதில்லை.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. இப்பத்திரிகையை மடித்து வைக்குமுன் உங்கள் தொலைபேசி நிறுவனத்தை அழைத்து, "எமது 911 விலாசமாக உங்களிடம் இருப்பது என்ன?" என்று கேளுங்கள். சோதித்துப் பார்ப்பதற்காக 911ஐ அழைத்துவிடாதீர்கள். அது வேறொருவர் உயிருக்கு உலைவைக்கும்.

எமது வீட்டுத் தளத்தின் மேலே இப்போது ஒரு காகிதம் ஒட்டப்பட்டுள்ளது. வீட்டிலக்கம், வீதியின் பெயர், ஏஜாக்ஸ் என்ற ஊர்ப்பெயர் ஆகியவற்றை ஆங்கில உச்சரிப்பிலேயே தமிழ் எழுத்தில் மகள் எழுதியிருக்கிறாள். மாமியார் காலையில் தேநீர் குடித்தபடி அதனை ஒருமுறை உரத்து வாசிக்கிறார். சிறுவயதில் வாய்ப்பாடு பாடமாக்கியதுபோல் இருக்கிறது என்கிறார். வீதியின் பெயர் மட்டும் இன்னும் சற்றுக் கடினமாகவே இருக்கிறதாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.